தோட்டத்தை எந்த ஊரில் பதிவது? கிராம்ப்ஸில் இடங்களும் படங்களும்

கேள்வி, 2 மார்ச் 2024

தாத்தா பிறந்தது 1931. அவருடைய சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், ஒரு தோட்டத்தின் பெயரும் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இருக்கிறது. அந்தத் தோட்டம் இப்போது இல்லை, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வந்துவிட்டது. வம்சாவளி எழுதும் மென்பொருளான கிராம்ப்ஸில் இடம் கேட்கும் கட்டத்தில் "பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர், மலேசியா" என்று போட்டுவிட்டேன். இன்றைக்குத் தேடுகிறவனுக்கு இன்றைய பெயர்தானே வேண்டும், அது போதும் என்று நினைக்கிறேன். படங்கள் ஏறக்குறைய 900, எல்லாம் ஒரே போல்டரில் கிடக்கின்றன. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 3 மார்ச் 2024, காலை

போதாது தம்பி. 1931-ல் பெஸ்தாரி ஜெயா என்று ஓர் ஊர் கிடையாது, அந்தப் பெயர் 2007-ல்தான் வந்தது. மலேசியாவும் கிடையாது, அது 1963. உங்கள் தாத்தா பிறந்த அன்று சிலாங்கூர், பேரா, நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டு மலாய் மாநிலங்கள் என்ற பெயரில் ஒன்றாக இருந்தன. நீங்கள் போட்ட வரியில் சிலாங்கூர் என்ற ஒரு சொல்தான் அந்த நாளுக்குப் பொருந்துகிறது.

இன்றைய பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் வேண்டும், பழையதும் வேண்டும். கிராம்ப்ஸில் இடம் என்பது நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகிற வரி கிடையாது, மனிதருக்கு இருப்பதுபோல இடத்துக்கும் தனிப் பதிவு உண்டு. தோட்டத்துக்கு ஒரு பதிவு திறங்கள். அது பத்தாங் பெர்ஜுந்தைக்குள், பத்தாங் பெர்ஜுந்தை கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குள், மாவட்டம் சிலாங்கூருக்குள் என்று ஒன்றை ஒன்றுக்குள் வைத்துக்கொண்டே போங்கள். இது இதற்குள் இருந்தது என்று சொல்லும் ஒவ்வொரு இணைப்புக்கும் தேதி கொடுக்க இடம் இருக்கிறது. அதை வெறுமனே விடாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஊரின் பெயரும் அப்படித்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்பதற்கு 2007-க்கு முன் என்று தேதி போட்டு, மாற்றுப் பெயர்கள் பகுதியில் பெஸ்தாரி ஜெயாவை 2007 முதல் என்று சேர்த்துவிட்டால், தாத்தாவின் 1931 பிறப்பில் பழைய பெயர் தானாக வரும், பேரன் 2010-ல் பிறந்திருந்தால் அவனுக்குப் புதிய பெயர் வரும். ஊர் ஒன்றுதான், பதிவும் ஒன்றுதான்.

சிலாங்கூருக்கு மேலே என்ன வைப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். 1896 முதல் கூட்டு மலாய் மாநிலங்கள், 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சி, 1946-ல் மலாயன் யூனியன், 1948 பிப்ரவரி முதல் மலாயாக் கூட்டரசு, 1963 செப்டம்பர் 16 முதல் மலேசியா. ஒரு தடவை உட்கார்ந்து போட்டால் போதும், சிலாங்கூரில் பிறந்து இறந்த அத்தனை பேருக்கும் அது பொருந்திவிடும். எனக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆனது.

படங்களைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அது பெரிய கதை.

3 மார்ச் 2024, இரவு

காலையில் ஒன்றை விட்டுவிட்டேன். உங்கள் குடும்பத்தில் யாராவது கோலாலம்பூரில் பிறந்திருந்தால் கவனியுங்கள், கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 வரை சிலாங்கூருக்குள் இருந்தது, அதன் பிறகுதான் கூட்டரசுப் பிரதேசம். என் சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேர் பிறந்தது ஒரே ஆஸ்பத்திரியில். முதல் இருவருக்கும் சிலாங்கூர் வருகிறது, கடைசிப் பெண்ணுக்கு வரவில்லை. தப்பு என்று நினைத்து அதைத் திருத்தப் போய் நான் கெடுத்துவிட்டேன், பிறகு தேதியைப் பார்த்துத் திரும்ப மாற்றினேன்.

கப்பல் கதைகளில் போர்ட் சுவெட்டன்ஹாம் வரும். அது 1972-ல் கிள்ளான் துறைமுகம் ஆனது. தெலுக் ஆன்சன் 1982-ல் தெலுக் இந்தான். பேரா பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு இது.

9 மார்ச் 2024

படங்கள்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள், கிராம்ப்ஸ் உங்கள் படத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. படம் கணினியில் எந்த போல்டரில் இருக்கிறது என்ற வழியை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. நீங்கள் போல்டரின் பெயரை மாற்றினால் அதற்குத் தெரியாது. எனக்கு நடந்தது அதுதான். "படங்கள்" என்றிருந்ததை "குடும்பப் படங்கள்" என்று ஓர் இரவு மாற்றிவிட்டுப் படுத்தேன், காலையில் திறந்தால் 412 படமும் காணவில்லை. படம் எல்லாம் அதே கணினியில்தான் இருந்தன, வழிதான் செத்துப்போயிருந்தது. கை கால் ஓடவில்லை. கருவிகளில் ஊடக மேலாளர் என்று ஒன்று இருக்கிறது, பழைய வழியில் உள்ள சொற்களைத் தேடி மொத்தமாகப் புதிய சொற்களை மாற்றித் தருகிறது. அதை வைத்துத்தான் மீட்டேன்.

அதற்குப் பிறகு செய்தது இது. அமைப்புகளில் படங்களின் அடிப்படை போல்டர் எது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, படங்களின் வழிகளை எல்லாம் அதிலிருந்து தொடங்கும் குறுகிய வழிகளாக மாற்றிவிட்டேன், அதே மேலாளரில் அதற்கும் வசதி உண்டு. இப்போது மடிக்கணினிக்குத் தூக்கிப் போனாலும் அடிப்படை போல்டரை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும்.

போல்டர்களை எப்படிப் பிரிப்பது? பெரும்பாலோர் ஆள் வாரியாகப் பிரிக்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒரு கல்யாணப் படத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள், எந்த ஆளின் போல்டரில் போடுவது? முப்பது நகல் எடுப்பீர்களா? ஊர் வாரியாகவும் வேண்டாம், ஆளோடும் இடத்தோடும் சேர்த்துக் கட்டுகிற வேலையை மென்பொருள் செய்கிறது. போல்டர் சொல்ல வேண்டியது படம் யார் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது என்பதை. "பெரியம்மா தகரப்பெட்டி", "மாமா ஆல்பம் 2" இப்படி. ஏனென்றால் ஆள் யார் என்பது நாளைக்கு மாறும், இன்று அத்தை என்கிறோம், நாளைக்கு இல்லை, அது அவர் தங்கை என்று தெரியும். எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது மாறவே மாறாது. அந்த வரிசையும் கலையக் கூடாது, ஒரே பெட்டியில் அடுத்தடுத்து இருந்த படங்கள் பல சமயம் ஒரே நாளில் எடுத்தவை.

படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். கட்டாயம். ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் கோப்பு காணாமல் போகிறது, எனக்குப் போனது.

10 மார்ச் 2024

நேற்றுக் கடைசியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தமிழில் பெயர் வைத்ததால் போகவில்லை. இன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன்.

அக்கா மகள் தன் பழைய மேக் கணினியிலிருந்து ஜிப் செய்து அனுப்பிய படங்கள் அவை. என் கணினியில் விரித்தபோது சில படங்கள் கிராம்ப்ஸில் தெரிந்தன, சில தெரியவில்லை. தெரியாதவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். தோட்டம், கோயில், பொங்கல், கோழிக்கூண்டு. தெரிந்தவை கல்யாணம், பள்ளி, லயம், திருவிழா. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத எல்லாவற்றிலும் ஒகர ஓகாரக் குறி இருக்கிறது!

"தோ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்து வைக்கிற வழக்கம் உள்ளது, நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். கிராம்ப்ஸ் "தோட்டம்" என்று தேடுகிறது, போல்டரில் இருப்பது கண்ணுக்கு மட்டும் "தோட்டம்". இதில் தமிழைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோப்புகளின் பெயரை என் கணினியிலேயே அழித்துத் திரும்பத் தட்டினேன், எல்லாம் வந்துவிட்டன.

ஆனாலும் இப்போது கோப்புப் பெயருக்கு எண் மட்டும்தான் வைக்கிறேன், பெட்டி எண், படத்தின் எண், முன்பக்கமா பின்பக்கமா. என்ன படம் என்பதைக் கிராம்ப்ஸுக்குள் தலைப்பில் நல்ல தமிழில் எழுதுகிறேன், அங்கே எந்தப் பிரச்சினையும் இல்லை.

13 மார்ச் 2024

தோட்டத்தின் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறது, எது சரி என்று ஜோகூரிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார். எல்லாமே சரி அண்ணே. கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். எங்கள் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டம் என்று ஒன்று உண்டு, 1917-ல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதல் முறையாகச் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, வணிகப் பயிராக நட்டது அங்கேதான். உலகம் முழுக்க செம்பனையைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பெயரை எழுதுகிறார்கள். நமக்குத் தென்னை மரம் என்று காதில் விழுகிறது, அவர்களுக்கு அது வெறும் ரோமன் எழுத்துகள், எழுத்துக்கூட்டினதுதான் பெயர். அப்படிப்பட்ட இடத்துக்கு ரோமன் எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, ஆள்கள் கூப்பிட்டது ஒன்று என்று மூன்றையும் மாற்றுப் பெயராகச் சேர்க்கத்தான் வேண்டும்.

ஆள்கள் கூப்பிட்ட பெயரைத் தயவு செய்து விடாதீர்கள். எங்கள் தோட்டத்துக்குப் பத்திரத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர். அதை எங்கள் வீட்டில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. நுழைகிற இடத்தில் புளியமரம் நின்றதால் புளியமரத் தோட்டம், அவ்வளவுதான். பாட்டியின் தம்பி இந்தியாவிலிருந்து போட்ட கடிதத்தில் "புளியமரத் தோட்டம்" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு வருஷம் அது வேறு தோட்டம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, தோட்டம் கைமாறும்போது பெயரும் மாறும். ஐம்பதுகளின் கடைசியில் தோட்டத் துண்டாடல் நடந்து எத்தனையோ தோட்டங்கள் சிறு சிறு நிலமாகப் போயின. அதைத் தடுக்கத்தானே 1960-ல் இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார், பாட்டாளிகளிடம் மாதா மாதம் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தின் பெயர் வரைபடத்தில் இல்லை என்பதால் அந்தப் பெயரே தப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

24 மார்ச் 2024, ஞாயிறு

இன்று சித்தி வீட்டுக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், இழையில் நான் எழுதியதில் இதுதான் முக்கியம்.

அம்மா படம் ஒன்று இருக்கிறது, 1958 வாக்கில் எடுத்தது. ஐந்து பெண்கள், தலையில் துணி கட்டி, கையில் ரப்பர் பால் வாளி. "அம்மாவும் தோழிகளும், தோட்டம்" என்று தலைப்புப் போட்டு அம்மாவோடு மட்டும் இணைத்து வைத்திருந்தேன். சித்தியிடம் காட்டி மற்ற நால்வர் யார் என்று கேட்டேன். சித்தி முகங்களைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு தண்ணீர்க் குழாய், தரையிலிருந்து இடுப்பு உயரம் எழுந்து மேலே கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. குழாயின் கழுத்தில் துணி சுற்றியிருக்கிறது.

"இது மூணாவது லயத்துக் குழாய். லாரி இடிச்சுச் சாஞ்சிருச்சு, துணி சுத்தி வெச்சோம், ஒழுகிக்கிட்டே இருக்கும்" என்றார். லயம் என்றால் தோட்டத்து ஆள்கள் குடியிருந்த வரிசை வீடுகள்.

பிறகு மேசை விரிப்பின் மேல் விரலாலேயே நடந்து காட்டினார். குழாயிலிருந்து இடது பக்கம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, அதைத் தாண்டினால் காலையில் ஆள்களைக் கூட்டிப் பெயர் எடுக்கும் பெரட்டுக் களம், பெரட்டுக் களத்தின் எதிரே மாரியம்மன் கோயில், கோயிலின் பின்னாடி தீம்பாருக்கு, அதாவது ரப்பர் மரக் காட்டுக்கு, போகிற மண் பாதை. குழாய் தெரிகிறதென்றால் படம் எடுத்தவர் கிராணி வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும் என்றார். அப்புறம்தான் முகங்களுக்கு வந்தார். மூன்றாவது லயத்துக் குழாயடி என்பதால் மூன்றாவது லயத்துப் பெண்கள் என்று அவருக்கு யோசனை போனது, யோசனை போனதும் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான்கில் மூன்று கிடைத்தது.

மூன்று வருஷமாக அதே படத்தைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். "யாரு இது?" என்று. ஒரு தடவைகூட "எங்கே இது?" என்று கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து செய்தது: தோட்டத்துக்குள் மூன்றாவது லயம் என்று ஓர் இடம், ஆயாக் கொட்டகை ஓர் இடம், பெரட்டுக் களம், கோயில். அந்தப் படத்தை அம்மாவோடு இருந்த இணைப்பை விட்டுவிடாமல் மூன்றாவது லயம் என்ற இடத்தோடும் இணைத்தேன். இடப் பதிவிலும் படங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இணைக்கும்போது படத்தில் எந்தப் பகுதி என்று சதுரம் போட்டுக் காட்டலாம், முகத்துக்குப் போடுவதுபோல நான் அந்தக் குழாய்க்குச் சதுரம் போட்டேன். சித்தி சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே குறிப்பாக எழுதித் தேதியும் போட்டேன்.

ஆகவே தம்பி, 900 படத்தையும் முதலில் ஆளோடு கட்டாதீர்கள். இடத்தோடு கட்டுங்கள். லயம், பள்ளி, கோயில், ஸ்டோர், ஆஸ்பத்திரி, எது தெரிகிறதோ அதோடு. பெரியவர்களிடம் இடம் வாரியாகக் காட்டுங்கள்.

25 மார்ச் 2024

ஸ்டூடியோ முத்திரை பற்றி 9-ஆம் தேதி சொன்னதில் ஓர் எச்சரிக்கை. கிள்ளான் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அவர்கள் கிள்ளானில் வசித்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் ஆள்கள் படம் பிடிக்கவென்றே பஸ் ஏறிப் போனவர்கள். முத்திரை சொல்வது படம் எங்கே எடுக்கப்பட்டது, அதுவும் ஸ்டூடியோப் படத்துக்குத்தான். தோட்டத்துக்கு வந்து எடுத்த படத்திலும் அதே முத்திரைதான் இருக்கும்.

7 ஏப்ரல் 2024

இந்தியப் பக்கம். தாத்தாவின் கப்பல் காகிதத்தில் திருச்சி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா. இன்றைய வரைபடத்தில் திருச்சி மாவட்டத்துக்குள் தேடினால் கிடைக்காது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தபோது அந்தப் பக்கம் பெரம்பலூரோடு போனது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் அதைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி அரியலூர். கிராமம் ஓர் அங்குலம் நகரவில்லை! திருச்சியையும் சேர்த்து ஐந்து இணைப்பு, மாறிய நான்கு தேதி, போட்டுவிட்டேன். அதற்கு மேலே சென்னை மாகாணம், பிறகு சென்னை மாநிலம், 1969 முதல் தமிழ்நாடு.

அட்சரேகை தீர்க்கரேகை போடும்போது முன்பின் மாறாமல் பாருங்கள். சிலாங்கூருக்கு 3, 101 என்று வரும். மாற்றிப் போட்டால் அட்சரேகை 101 என்று ஆகும், அது 90-ஐத் தாண்டவே முடியாது, தப்பு உடனே தெரிந்துவிடும். ஆனால் உடையார்பாளையம் பக்கம் 11, 79. மாற்றிப் போட்டாலும் இரண்டும் செல்லுபடியாகிற எண்தான், சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். என் தாத்தாவின் கிராமம் நார்வேக்கும் வடக்கே ஸ்வால்பார்டு பனித்தீவில் ஒரு மாதம் இருந்தது. வரைபடப் பக்கத்தைத் திறந்த பிறகுதான் கண்ணில் பட்டது. எண்ணைப் போட்டதும் வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதற்கு ஒரு நிமிஷம் ஆகாது.

8 ஏப்ரல் 2024

இடத்தின் வகை என்ன போடுவது என்று தனிச்செய்தியில் கேட்டீர்கள். பட்டியலில் பண்ணை என்று ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள் என்று பதில் எழுதினேன். தப்பு. பண்ணை வேறு, தோட்டம் வேறு. தோட்டத்துக்குள் பள்ளி, கோயில், ஆஸ்பத்திரி, கடை, இடுகாடு எல்லாம் இருந்தன, நூற்றுக்கணக்கான பேர் அங்கேயே பிறந்து அங்கேயே அடங்கினார்கள். வகைக் கட்டத்தில் நம் சொல்லை நாமே தட்டலாம், பட்டியலில் இருப்பதையே எடுக்க வேண்டும் என்று இல்லை. நான் "தோட்டம்", "டிவிசன்" (தோட்டத்தின் ஒரு பிரிவு), "லயம்" என்று மூன்று வகை சேர்த்தேன்.

19 மே 2024

சின்னத் தாத்தா பற்றி எழுதலாமா வேண்டாமா என்று நாள் கடத்திக்கொண்டிருந்தேன்.

1943-ல் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. சயாமில் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவில் தான்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை, அந்த வருஷம் அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டத்து ஆள்கள் எத்தனை ஆயிரம் பேர் அதில் போனார்கள் என்பது இங்கே எல்லார் வீட்டுக்கும் தெரியும்.

இறந்த இடம் என்ற கட்டத்தில் முதலில் காஞ்சனபுரி என்று போட்டிருந்தேன். படித்த எல்லாவற்றிலும் அந்தப் பெயர் வருகிறது, வரிசை வரிசையாகக் கல்லறைகள் படத்தில் இருக்கின்றன. பிறகு யோசித்தேன். அந்தக் கல்லறைகள் நேச நாட்டுப் போர்க் கைதிகளுடையவை, நம் ஆள்களுக்குப் பெயர் பொறித்த கல் அங்கே இல்லை. சின்னத் தாத்தா காஞ்சனபுரியில் இறந்தார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. கட்டம் காலியாக இருப்பது பொறுக்காமல் நான் போட்ட பெயர் அது. அழித்தேன்.

காலியாக விடவும் மனம் வரவில்லை. "சயாம் பர்மா ரயில் பாதை" என்றே ஓர் இடம் உண்டாக்கி, அட்சரேகை தீர்க்கரேகை எதுவும் போடாமல், இறப்பை அதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன் இன்னொரு நிகழ்ச்சி, "கடைசியாகப் பார்த்தது", இடம் பெரட்டுக் களம். லாரியில் ஏற்றியது அங்கிருந்துதான், பாட்டி பார்த்தது அதுதான், அது மட்டும் உறுதி.

அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது கிடைத்து அதில் 2603 என்று இருந்தால் பயப்படாதீர்கள், ஜப்பானிய வருஷக் கணக்கு, 660 கழித்தால் 1943. கெடாக்காரர்களுக்கும் ஒன்று: 1943 அக்டோபர் முதல் போர் முடியும் வரை கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் சயாம் ஆட்சியில் இருந்தன. சுங்கைப் பட்டாணியில் 1944-ல் பிறந்தவருக்கு மேலிடம் என்ன வருகிறது என்று பாருங்கள்.

16 ஜூன் 2024

ஜோகூர் அண்ணன் வேறு மென்பொருள் வைத்திருக்கிறார், ஜெட்காம் கோப்பாக, அதாவது வம்சாவளி மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் பொது வடிவத்தில், அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அவரிடம் போனதைத் தொலைபேசியில் வரி வரியாகக் கேட்டுக்கொண்டேன், நெஞ்சு அடைத்துவிட்டது. ஜெட்காமில் இடத்துக்கு என்று தனிப் பதிவே கிடையாது, நிகழ்ச்சியின் அடியில் எழுதுகிற ஒரு வரிதான், சின்னதிலிருந்து பெரியது வரை காற்புள்ளி போட்டு. ஊர்ப்பெயரும் அட்சரேகை தீர்க்கரேகையும் போய்ச் சேர்ந்தன. மாற்றுப் பெயர்கள், தேதிகள், எது எதற்குள் எப்போது இருந்தது என்ற கணக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. மூன்றாவது லயத்தோடு இணைத்த படங்களும் போகவில்லை, இடமே பதிவாக இல்லாதபோது படம் எதில் தொங்கும்?

எனவே பாதுகாப்புக்கு ஜெட்காமை நம்பாதீர்கள். கிராம்ப்ஸின் சொந்தப் பொதியில், படங்களையும் சேர்த்துக் கட்டுகிற வகையாகப் பார்த்து எடுங்கள். நான் மாதம் ஒன்று எடுத்து ஒரு பிரதியை அக்கா மகள் வீட்டில் வைக்கிறேன். வேறு மென்பொருளுக்குக் கொடுக்கும்போது முக்கியமான இடக்குறிப்புகளை நிகழ்ச்சியின் குறிப்பிலும் ஒரு வரி எழுதிவிடுகிறேன், அது போய்ச் சேர்கிறது.

11 ஆகஸ்ட் 2024

மார்ச்சில் சித்தி வீட்டிலிருந்து வந்த வேகத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் உள்ளே ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் இடம் உண்டாக்கினேன். 140 இடம் ஆகிவிட்டது. பாதிக்கு மேல் ஒரு நிகழ்ச்சியும் இல்லை, ஒரு படமும் இல்லை. இடம் தேர்ந்தெடுக்கப் போனால் பட்டியல் ஓடுகிறது. இந்த வாரம் கதவு எண்களை எல்லாம் லயத்தோடு இணைத்து ஒன்றாக்கினேன், எண்ணை நிகழ்ச்சியின் விவரத்தில் எழுதிக்கொண்டேன். படமோ நிகழ்ச்சியோ சொல்லோ தொங்குகிற இடத்துக்கு மட்டும் பதிவு போதும்.

ஒரே ஒரு கதவை விட்டுவைத்தேன், நாங்கள் இருந்தது.

6 அக்டோபர் 2024

கேள்வி கேட்ட தம்பி நேற்று எழுதியிருந்தார், தாத்தாவின் படம் ஒன்றைப் பள்ளி வாரியாகப் பிரித்து வைத்துப் பெரியப்பாவிடம் காட்டியதில் வாத்தியார் யார் என்று தெரிந்துவிட்டதாம். நல்லது.

நான் இன்று காலை தோட்டம் இருந்த இடத்துக்குப் போனேன். சித்தியும் வந்தார், காரில் இருந்து இறங்கவே கொஞ்ச நேரம் ஆனது. லயம் இல்லை, புளியமரம் இல்லை, பள்ளிக்கூடம் இருந்த பக்கம் இரண்டு மாடி வீடுகள். கோயில் மட்டும் அதே இடத்தில், கூரை மாற்றிச் சுவருக்குப் புதிதாக வண்ணம் அடித்து நிற்கிறது. கோயில் வாசலில் நின்று கைப்பேசியில் அட்சரேகை தீர்க்கரேகை எண்ணை எடுத்துக்கொண்டேன்.

சித்தி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டிப் பெரட்டுக் களம் என்றார். அதற்கு அந்தப் பக்கம் ஆயாக் கொட்டகை. ஆயாக் கொட்டகையிலிருந்து குழாயடிக்கு எத்தனை தூரம் என்று கேட்டேன். வாளி நிறையத் தண்ணீரோடு நடந்தால் நாற்பது காலடி என்றார். நான் நடந்து பார்த்தேன், யாரோ வீட்டுச் செம்பருத்திச் செடி ஓரமாக வந்து நின்றது. அங்கேயும் ஓர் எண் எடுத்தேன்.

இரவு பதிவில் ஏற்றிவிட்டேன். கோயிலுக்கு நானே நின்று எடுத்த எண் என்றும், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மூன்றாவது லயத்துக் குழாயடி மூன்றுக்கும் கோயிலிலிருந்து சித்தி காட்டிய திசையும் காலடிக் கணக்கும் என்றும் குறிப்பு எழுதியிருக்கிறேன்.